ஜப்பானில் ஜெயித்த எங்கள் சாச்சா

போன மாதம் நம் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி கேட்டிருந்தாள்: "ஏம்மா, உங்க சாச்சா ஜப்பான்ல குஸ்தி போட்டு ஜெயிச்சாருன்னு அப்ப சொல்லிக்கினே இருப்பியே, அது நெஜமா, நீ வுட்ட கதையா?" கீழே நாலு பேர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள். நான் பதில் எழுத ஆரம்பித்தேன். கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம், பாதியில் அழித்துவிட்டேன். ரெண்டு வரியில் சொல்கிற விஷயமா அது? உங்களுக்கெல்லாம் ஐம்பது தாண்டிவிட்டது, எனக்கும்தான். உட்கார்ந்து முழுசாகக் கேட்கிற பொறுமை இப்போது வந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். நான் ஒன்றும் கதை விடவில்லை. நடந்ததைத்தான் சொன்னேன்.

ஒலிமுகமது பேட்டையில் எங்கள் கடை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டுப் போகிறபோது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவீர்களே, அந்தக் கடைதான். அத்தா பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். அடுப்புக்கரி கனன்றுகொண்டிருக்கும். அண்டா சூடேறியதும் நவச்சாரத்தூளைத் தூவுவார். குபுகுபுவென்று வெள்ளைப் புகை கிளம்பித் தெருமுனை வரைக்கும் போகும். அந்தப் புகைக்கு நடுவே ஈயக்குச்சியை இழுத்துப் பஞ்சால் ஒரே வழிப்பு வழித்தாரென்றால் பாத்திரத்தின் உள்பக்கம் நிலா மாதிரி ஆகிவிடும். சின்ன காஞ்சிபுரத்துக் கல்யாண சமையல்காரர்கள் முதல் பிரியாணி மாஸ்டர்கள் வரைக்கும் அத்தாவிடம்தான் வருவார்கள். உங்களுக்கு அது நாற்றம். எனக்கு எங்கள் வீட்டு வாசனை.

ஈயம் பூசுவதற்கு முன்னால் பாத்திரத்தின் அழுக்கை எடுக்க வேண்டும். பெரிய அண்டாவைக் கையால் தேய்த்து மாளாது. உள்ளே மணலைப் போட்டு, ஒரு ஆள் வெறுங்காலோடு இறங்கி, சுவரில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகித் திருகி ஆட வேண்டும். கால்தான் துலக்கும். அந்த ஆள் எங்கள் சாச்சா, அத்தாவின் ஒரே தம்பி. பன்னிரண்டு வயசு வித்தியாசம். அப்பன் ஆத்தா சின்னதிலேயே போய்விட்டதால் தம்பியை அத்தாதான் வளர்த்தார். சாச்சா குட்டை. ஆனால் தொடை ரெண்டும் உரல் மாதிரி இருக்கும். அண்டாவுக்குள் அவர் ஆடுகிறபோது நான் எதிரே நின்று கைதட்டுவேன். "ஏய், டான்ஸ் எப்படி இருக்குது?" என்பார்.

சாயங்காலமானால் சாச்சா தாலிமுக்குப் போய்விடுவார். பள்ளிவாசலுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டு, செம்மண்ணைச் சலித்து, எண்ணெய் விட்டுப் பதப்படுத்தி வைத்திருப்பார்கள். பேட்டைப் பிள்ளைகள் குஸ்தி பழகுகிற இடம். அங்கே பழக்குகிறவரை எல்லோரும் உஸ்தாத் என்போம். அதிகம் பேசாத மனுஷர். சாச்சாவுக்கென்று ஒரு ஜோடி கர்லாக்கட்டை அந்தக் கொட்டகையில் இருந்தது. வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

நான் ஒன்றாம் வகுப்பு போகிற வருஷம் சாச்சாவுக்குக் கப்பலில் சமையல்கட்டு வேலை கிடைத்தது. மெட்ராஸ் துறைமுகத்தில் ஏறிப் போனவர் போனவர்தான். அப்புறம் கடிதத்தில் எழுதினார்: ஜப்பானில் ஒரு துறைமுகத்தில் கப்பல் ரிப்பேருக்கு நின்றதாம். பக்கத்துத் தெருவில் ஒரு கூடத்துக்குள் ஆட்கள் தொப்பு தொப்பென்று விழுகிற சத்தம் கேட்டிருக்கிறது. ஜன்னல் ஓரம் நின்று மூன்று நாள் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் உள்ளே கூப்பிட்டார்களாம். அங்கே அதற்கு 'புரோரெசு' என்று பேர். சம்பளத்துக்குப் போடுகிற குஸ்தி. ஊர் ஊராகப் போய், டிக்கெட் விற்று, மேடையில் கயிறு கட்டி, டிவியிலும் காட்டுவார்களாம்.

முதல் கடிதத்தோடு ஒரு போட்டோவும் வந்தது. அத்தா அதை முழுசாகக்கூடப் பார்க்கவில்லை. தம்பியின் முகம் தெரிந்ததும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேரே தாலிமுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கே எல்லோருக்கும் நடுவில் எடுத்து உஸ்தாத் கையில் கொடுத்தார்.

போட்டோவில் சாச்சா பெரிய காவி முண்டாசு கட்டி, ஒட்டு மீசை வைத்து, கழுத்தில் ரப்பர் பாம்பைச் சுற்றிக்கொண்டு பல்லைக் கடித்தபடி நின்றார். அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தியா என்றால் பாம்பாட்டி. கெட்டவன் வேஷம் அவருக்கு.

உஸ்தாத் போட்டோவையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இது குஸ்தி இல்ல பாய், கூத்து" என்றார். "நம்ம மண்ணுல புரண்டவன் பாம்பு பொம்மையச் சுத்திக்கினு நிக்கிறான்."

பழகிக்கொண்டிருந்த பையன்கள் சிரித்தார்கள். அத்தா போட்டோவைத் திருப்பி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். வீடு வரும் வரைக்கும் என் கையைப் பிடித்திருந்தார். அந்தப் பிடியில் என் விரல் வலித்தது. அன்றைக்குச் சாயங்காலமே சாச்சாவின் கர்லாக்கட்டை ரெண்டும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. உஸ்தாத் ஒரு ஆள் மூலம் அனுப்பிவிட்டார். அம்மா ஒன்றைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். இன்னொன்றைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்தாள்.

அதற்குப் பிறகு யாராவது கேட்டால் அத்தா, "கப்பல்ல சமைக்கிறான்" என்றுதான் சொல்வார். அவருக்கு வேஷம் பிடிக்கவில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. பெருமையாக எடுத்துக்கொண்டு போன ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பத்துப் பேர் சிரிக்க நின்றாரே, அந்த நிமிஷத்தைத்தான் அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

சாச்சா கடிதம் மட்டும் தவறாமல் வரும். "போன வாரம் மூணு ஊரு. மூணுலயும் தோத்தேன். நல்லா இருக்கேன்." இப்படித்தான் எழுதுவார். தோற்றதை ஒரு மனுஷர் இவ்வளவு சந்தோஷமாக எழுதுவாரா என்று எனக்குப் புரியாது. நாலு வருஷம் அப்படியே ஓடியது. நாலு வருஷமும் தோல்விதான்.

நாம் ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதி முடித்த லீவில் அந்தப் பார்சல் வந்தது. பழுப்புத்தாள், ஜப்பான் ஸ்டாம்பு. எனக்கு ஒரு பென்சில் டப்பா இருந்தது. காந்தத்தில் டப்பென்று மூடிக்கொள்ளுமே, நீங்கள் எல்லாம் வரிசையில் நின்று மூடித் திறந்து பார்த்தீர்களே, அதேதான். கூடவே ஒரு வீடியோ கேசட். கடிதத்தில் ரெண்டே வரி: "அண்ணே, இதுல நான் ஜெயிச்சிருக்கேன். எல்லாரையும் உக்கார வச்சுப் பாருங்க."

அத்தா படித்துவிட்டு மடித்தார். "ஜெயிக்கச் சொல்லியிருப்பாங்க, ஜெயிச்சிருப்பான்" என்றார். கேசட்டை பீரோவுக்கு மேல் வைத்துவிட்டுக் கைகழுவப் போனார்.

அம்மா அத்தாவை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அப்போதும் பேசவில்லை. நாலாம் நாள் அத்தா கடைக்குப் போனதும் நாற்காலி போட்டு ஏறி, கேசட்டை எடுத்து, புர்காவை மாட்டினாள்.

"எங்கம்மா?"

"பேசாம வா."

போனது வீடியோ கடைக்கு. கடை வைத்திருந்த அண்ணனை உங்களுக்குத் தெரியும். பட்டுத்தறிக் குடும்பம், வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். தறியில் உட்காரப் பிடிக்காமல் டெக் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். அவர் கேசட்டைப் போட்டார். திரையில் வெறும் கோடு. அப்புறம் படம் கீழிருந்து மேலே உருண்டு உருண்டு ஓடியது.

"அக்கா, அந்த ஊரு கேசட்டு நம்ம டெக்குல சரியா வராது. கலர் சுத்தமா வராது."

"கலர் எதுக்குப்பா? ஆள் தெரிஞ்சா போதும்."

அண்ணன் எதையெதையோ திருகினார். டெக்கின் தலையில் ரெண்டு தட்டு தட்டினார். அரைமணி நேரம் போராடியபின் கறுப்பு வெள்ளையில் படம் நின்றது. வெளிச்சத்துக்கு நடுவே சாச்சா நடந்து வந்தார். அம்மா சட்டென்று, "நிறுத்துப்பா" என்றாள். "இத நான் மட்டும் தனியா பாக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் எங்க வீட்டு வாசல்ல கொண்டாந்து வை."

வியாழக்கிழமை முழுக்க அம்மா வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள். உஸ்தாத் வீட்டுக்கு என்னை அனுப்பினாள். "அம்மா வரச் சொன்னாங்கன்னு மட்டும் சொல்லு. எதுக்குன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லு." வெள்ளிக்கிழமை காலையில் அத்தா சட்டை மாட்டும்போது அவரிடமும் சொன்னாள். "இன்னைக்கு வாசல்ல அவன் கேசட்டப் போடறேன். வந்தா வாங்க." அத்தா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த மத்தியானம் எங்கள் வாசலில் நிற்க இடமில்லை. டிவியை வாசற்படிக்குள் வைத்து, வெயில் படாமல் மேலே போர்வையைக் கட்டியிருந்தார் வீடியோ கடை அண்ணன். பக்கத்துத் தெருவில் தறிச்சத்தம் நின்று, நெய்துகொண்டிருந்தவர்கள் தோளில் துண்டோடு வந்தார்கள். தாலிம் பையன்கள் முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள். உஸ்தாத் வந்தார். விஷயம் தெரிந்ததும் திரும்பிப் போகப் பார்த்தவரை அம்மா நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். அத்தா மட்டும் வரவில்லை.

படம் ஓட ஆரம்பித்தது. பெரிய மண்டபம், ஆயிரக்கணக்கில் ஜனம். எதிராளி அந்த ஊர் சாம்பியன், சாச்சாவைப் போல ஒன்றரை ஆள் உயரம். அவர் பேரைச் சொன்னதும் நாலாபக்கமிருந்தும் காகிதச் சுருள்களை வீசினார்கள். மேடை முழுக்க ரிப்பனாக விழுந்தது. சாச்சா பேரைச் சொன்னபோது ஒரே ஒரு சுருள்கூட வரவில்லை. முண்டாசும் பாம்புமாக மூலையில் நின்றிருந்தார்.

முன்வரிசைப் பையன் ஒருவன் களுக்கென்று சிரித்தான். "சும்மா இருடா" என்றாள் அம்மா.

மணி அடித்ததும் சாச்சா முண்டாசைக் கழற்றினார், பாம்பையும் கழற்றினார். ரெண்டையும் கயிற்றுக்கு வெளியே ஓரமாக வைத்தார். ஒட்டு மீசையைப் பிய்த்துப் போட்டார். எங்கள் சாச்சாவின் முகம் அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. ஒரு காது பணியாரம் மாதிரி வீங்கிப் போயிருந்தது.

அப்புறம் அடி. என்னால் பார்க்க முடியவில்லை. சாம்பியன் அவரைத் தூக்கித் தரையில் அறைந்தார். கயிற்றில் தள்ளி, திரும்பி வருகிறவரைக் கையை நீட்டி அடித்தார். நெஞ்சில் திறந்த கையால் பளார் பளாரென்று அறைந்தபோது எங்கள் வாசலில் பெண்கள் 'யா அல்லா' என்றார்கள். சாச்சா விழுவார். கையை ஊன்றி எழுந்திருப்பார். மறுபடியும் போய் நிற்பார். நடுவர் ரெண்டு வரைக்கும் எண்ணிவிடுவார். மூன்று எண்ணி முடித்தால் தோல்வி; அதற்கு முன்னால் சாச்சா ஒரு தோளைத் தூக்கிவிடுவார். இப்படி நாலு தடவை. ஐந்தாவது தடவை தோளைத் தூக்கியபோது அந்த மண்டபத்து ஜனமே ஒரு சத்தம் போட்டது. கெட்டவனுக்குப் போடுகிற சத்தமில்லை அது.

அப்போதுதான் பின்னால் யாரோ ஒதுங்கி வழிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். அத்தா. கையெல்லாம் கரி. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தார். உட்காரவில்லை, கதவோரம் நின்றார்.

சாம்பியன் பின்னாலிருந்து சாச்சாவின் இடுப்பைக் கட்டித் தூக்கப் பார்த்தார். சாச்சா தன் காலை அவர் காலுக்குள் கொடுத்துப் பின்னிக்கொண்டார். பிறகு இடுப்பை ஒரு பக்கம் திருகினார், மறுபக்கம் திருகினார், மறுபடியும் இந்தப் பக்கம். அவ்வளவு பெரிய ஆள் ஆட்டம் கண்டார்.

"அண்டா துலக்கறான்" என்றார் அத்தா. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

ரெண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள். சாச்சா மேலே, சாம்பியன் கீழே, கால் பூட்டு பூட்டினபடியே இருந்தது. நடுவர் குப்புற விழுந்து எண்ணினார். ஒன்று. ரெண்டு. மூன்றாவதுக்கு ஓங்கிய கை அந்தரத்தில் ஒரு கணம் நின்றது. நடுவர் சாம்பியன் முகத்தைப் பார்த்தார். பிறகு தட்டினார்.

மண்டபத்தில் அத்தனை பேரும் எழுந்து நின்று கத்தினார்கள். எங்கள் வாசலில் கிளம்பிய சத்தத்தில் அது கேட்காமல் போயிற்று. தறிக்காரர்கள் துண்டைச் சுழற்றினார்கள். வீடியோ கடை அண்ணன் என்னைத் தூக்கிக்கொண்டு ஆடினார். டிவியில் சாச்சா ஜெயித்தவர் மாதிரியே இல்லை. முழங்காலில் உட்கார்ந்து, சாம்பியன் எழுந்திருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பியன் எழுந்து, இடுப்பை வளைத்து அவருக்கு வணக்கம் சொன்னார். சாச்சா நெற்றி தரையில் படுகிற மாதிரி குனிந்தார்.

உஸ்தாத் நாற்காலியிலிருந்து எழுந்தார். நேரே எங்கள் வாசற்கதவுக்கு வந்து, முட்டுக்கொடுத்திருந்த கர்லாக்கட்டையை உருவினார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. "இன்னொண்ணு எங்கம்மா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா கட்டிலுக்கடியில் இருந்ததை இழுத்துக் கொடுத்தாள். அந்த வயசில் ரெண்டையும் ரெண்டு தோளிலும் போட்டுக்கொண்டு தாலிமுக்கு நடந்தார். உதவிக்கு வந்த பையனைக் கிட்டேயே விடவில்லை.

அந்த லீவு முழுக்க நான் தெருவில் ராணி மாதிரி நடந்தேன். பள்ளிக்கூடம் திறந்ததும் உங்களிடம் சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அதெல்லாம் முன்னாடியே பேசி வச்சுக்கினு ஆடறது, எங்கப்பா சொன்னாரு." யார் சொன்னது என்று பேர் சொல்ல மாட்டேன். அவள் ஜடையைப் பிடித்து இழுத்ததற்கு நான் வெயிலில் முட்டிபோட்டேன். ஆனால் அந்தச் சந்தேகம் எனக்குள்ளும் இறங்கிவிட்டது. அத்தாவுக்கும் இருந்திருக்க வேண்டும். படம் முடிந்த அன்றைக்கு அவர் கண் கலங்கியது உண்மை. ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் சாச்சா வந்து சேர்ந்தார். பெட்டி ஒன்று, காலில் லேசாக ஒரு தாங்கல். அம்மா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு அத்தாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். உஸ்தாத்தும் வந்திருந்தார். எல்லோரும் மழையைப் பற்றியும் கப்பலைப் பற்றியும் பேசினார்கள். கேட்க வேண்டியதை யாரும் கேட்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"சாச்சா, நெஜமாவே ஜெயிச்சியா? ஜெயிக்கச் சொன்னாங்களா?"

அம்மா என் தொடையில் கிள்ளினாள். சாச்சா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"நல்லா கேட்டம்மா" என்றார். "யாரு ஜெயிக்கணும்னு அங்க முன்னாடியே பேசிடுவாங்க. அது நெஜம்தான். அன்னைக்கு நான் தோக்கணும்னுதான் பேச்சு."

உஸ்தாத் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்புறம்?"

"சாம்பியனுக்குக் கழுத்துல அடி. பழைய அடி. யாருக்கும் சொல்லாம ஆடிக்கினு இருந்தாரு. ஒரு நாள் அவரத் தூக்கும்போது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுலேருந்து ஆறு மாசம், அவர் தலை தரையில படாம என் தொடையில வாங்கிக்கினு இருந்தேன். பாக்கறவனுக்கு அவர் மண்டை தரையில இடிச்ச மாதிரி இருக்கும். இடிச்சது இங்க." லுங்கியைத் தூக்கிக் காட்டினார். வலது தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு தோல் தடித்துக் கறுத்துப்போயிருந்தது. "நான் அவர்கிட்ட எதுவும் சொல்லல. அவரும் எதுவும் கேக்கல."

மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது.

"அன்னைக்குக் கால்ல பூட்டு போட்டு விழுந்தோம் இல்ல? எப்பவும் அவர் உதறிட்டு எழுந்திரிப்பாரு. அன்னைக்கு என் காதுல, 'புடி, வுடாத'ன்னாரு. நான் வேணாம்ணேன்னு அவங்க பாஷையில சொன்னேன். 'புடி'ன்னு திரும்பச் சொன்னாரு. நடுவருக்கே தெரியாது. அதான் கை நின்னுச்சு. முதலாளிங்க ஒரு வாரம் என்கூடப் பேசல."

அத்தா இவ்வளவு நேரமும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அவன் வுட்டுக் குடுத்தான்" என்றார். "நீ ஜெயிக்கல."

"ஆமாண்ணே. அவரு குடுத்ததுதான்." சாச்சா சிரித்தார். "ஆனா அவரு பதினஞ்சு வருஷம் ஆடினாரு. வேற யாருக்கும் குடுக்கல."

உஸ்தாத் எழுந்தார். "அந்தத் தொடையக் காட்டு" என்றார். கிட்டே வந்து குனிந்து, கறுத்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். "தலைய இதுலயா வாங்கின? இவ்வளவு கிட்டயா?" என்று கேட்டார். தொழில் தெரிந்தவர் இன்னொரு தொழில் தெரிந்தவரைக் கேட்கிற குரல் அது. சாச்சா தலையாட்டினார். உஸ்தாத்தின் முகத்தில் நான் பார்த்தது என்னவென்று அப்போது தெரியவில்லை. நானே ஒரு வேலையை முப்பது வருஷம் செய்து முடித்தபின்தான் தெரிந்தது. தன்னால் முடியாத ஒன்றைத் தன்னிடம் பழகியவன் செய்துவிட்டான் என்று ஒப்புக்கொள்கிற முகம் அது.

மறுநாள் மழை விட்டிருந்தது. காலையில் அத்தா வெள்ளைச் சட்டை போட்டார். கடைக்கு அவர் வெள்ளைச் சட்டை போட மாட்டார். "வாடா" என்று சாச்சாவைக் கூப்பிட்டார். ரெண்டு பேரும் தாலிமுக்கு நடந்தார்கள். நானும் அம்மாவும் பின்னால் போய் மூங்கில் தட்டிக்கு வெளியே நின்றோம். பையன்கள் பழகிக்கொண்டிருந்தார்கள். உஸ்தாத் ஒரு மூலையில் இருந்தார்.

அத்தா செருப்பைக் கழற்றிவிட்டுச் செம்மண்ணில் போய் நடுவில் நின்றார். ஒல்லியான உடம்பு. குஸ்தி மண்ணை அவர் மிதித்ததே இல்லை. தம்பியைப் பழக அனுப்பிவிட்டு, ரெண்டு பேர் வேலையையும் அவரே கடையில் பார்த்தவர்.

"அவன் தலைய உன் தொடையில வாங்கினேன்னு சொன்னியே, அதே மாதிரி என்னத் தூக்கிப் போடு. பாக்கறேன்."

"வேணாம்ணே. உங்களுக்குப் பழக்கமில்ல."

"போடுடா."

சாச்சா உஸ்தாத்தைப் பார்த்தார். அவர் போ என்பதுபோல் கையைக் காட்டினார். அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சாச்சா அண்ணன் இடுப்பில் கையைக் கொடுத்து, "மூச்ச இழுத்துக்கோங்க. என்னப் புடிச்சுக்காதீங்க. என்ன நம்பி வுட்டுடுங்க" என்றார். அடுத்த கணம் அத்தாவின் ரெண்டு காலும் வானத்தில் இருந்தன. தலைகீழாக, வெள்ளைச் சட்டை நெஞ்சு வரைக்கும் விலக, எங்கள் அத்தா அந்தரத்தில் நின்றார். பிறகு தொம்மென்று ஒரு சத்தம். கொட்டகையே அதிர்ந்தது. பையன் ஒருவன் 'ஐயோ' என்று கத்தினான்.

அத்தா மல்லாந்து கிடந்தார். அசையவில்லை. கீற்று இடுக்கில் வந்த வெயில் முகத்தில் விழுந்திருந்தது. நான் தட்டிக்கு அடியில் நுழைந்து ஓடினேன்.

"அத்தா!"

அவர் கண் திறந்திருந்தது. கையால் மெல்லப் பின்னந்தலையைத் தடவிப் பார்த்தார். கழுத்தைத் தடவினார். முதுகைத் தடவினார். எதையோ தேடுகிற மாதிரி தேடினார்.

"வலிக்கலடா" என்றார்.

சாச்சா பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில்தான் வலி. அண்ணன் தலையை அந்தத் தொடையிலேயே வாங்கியிருக்கிறார்.

அத்தா தம்பியின் வீங்கிய காதைப் பிடித்து, தன் பக்கம் இழுத்து, நெற்றியில் முத்தம் கொடுத்தார். அத்தா யாருக்கும் முத்தம் கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தக் கேசட் இப்போது என்னிடம் இல்லை. ரெண்டு வருஷம் கழித்துச் சொந்தக்காரர் ஒருவர் வாங்கிப்போய், அதன் மேலேயே தங்கள் வீட்டுக் கல்யாணத்தைப் பதிந்து கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் சாச்சா ஜெயித்த இடத்தில் யார் யாரோ பிரியாணி சாப்பிடுகிறார்கள். அதனால் காட்டு என்று கேட்டால் என்னிடம் காட்ட எதுவும் கிடையாது. சாச்சா அதற்கப்புறம் மூன்று வருஷம் ஜப்பானில் ஆடினார். மறுபடி ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. பிறகு ஊரோடு வந்து கடையில் உட்கார்ந்தார். போன வருஷம்தான் மவுத்தாகி அடக்கமானார்.

நான் பார்த்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அன்றைக்குத் தாலிமிலிருந்து அத்தா எங்களை நேர்வழியில் வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. ராஜ வீதி வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். கடைகள் திறக்கிற நேரம். பட்டு ஜவுளிக்கடைகளின் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அவர் முன்னால் நடந்தார், சாச்சா அவருக்கு ஒரு அடி பின்னால், நாங்கள் அதற்கும் பின்னால். வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்கச் செம்மண். அம்மா தட்டிவிடக் கையை நீட்டினாள். அத்தா விலகிக்கொண்டார்.

ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் பதறிப்போய்ப் படியிறங்கி வந்தார். "என்னா பாய், இவ்ளோ மண்ணு? எங்கயாச்சும் வுழுந்துட்டீங்களா?"

அத்தா நின்றார். அந்தத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"என் தம்பி தூக்கிப் போட்டான்."